டேங்கரின் மேல் உட்கார்ந்தவர்

நிறைந்த டேங்கரைவிடக் காலி டேங்கர்தான் ஆபத்தானது. வெளியாட்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். தொட்டி நிறையப் பெட்ரோல் இருக்கும்போது உள்ளே காற்றுக்கு இடமில்லை. காற்றில்லாத இடத்தில் நெருப்புக்கும் வேலையில்லை. பெட்ரோலை இறக்கிய பிறகுதான் வினை. சுவரிலும் மூலையிலும் ஒட்டிக்கிடப்பது ஆவியாகி, உள்ளே புகுந்த காற்றோடு கலந்து, ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். அதனால் சட்டம் இதில் கறாராக இருக்கிறது. தொட்டியைக் கழுவ வேண்டும், நீராவி பாய்ச்ச வேண்டும், ஆவி இல்லை என்று கருவியால் சோதிக்க வேண்டும், உரிமம் பெற்ற ஒருவர் கையெழுத்திட்ட சான்று வண்டியில் தொங்க வேண்டும். அதன் பிறகே அந்தத் தொட்டியில் யாரும் வெல்டிங் வைக்கலாம்.

நெடுஞ்சாலையை ஒட்டிய அந்த டேங்கர் பட்டறையில் கையெழுத்துப் போடுகிறவருக்கு மூக்கண்ணன் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் உரிமத்தில் மட்டும் இருந்தது. தொட்டிக்குள் இறங்கிக் கழுவும் ஆளாக வந்தவர். படிப்படியாகச் சோதனை செய்யும் உரிமம் வரை ஏறியவர். ஒருமுறை கருவியின் முள் பூஜ்யத்தில் நின்றபோது, "இல்லப்பா, மூலையில என்னமோ இருக்கு" என்று மூக்கைச் சுருக்கியிருக்கிறார். தேடினால் தடுப்புத் தகட்டுக்குப் பின்னால், துருச் செதிலுக்கு அடியில், பெட்ரோல் ஈரம். அன்றைக்கு ஒட்டிய பெயர் அது. அதற்குப் பிறகு அவருடைய மூக்கு எத்தனை முறை சரியாகச் சொன்னது, எத்தனை முறை சும்மா இருந்தது என்று யாரும் பார்த்ததில்லை. ஒருவருக்குப் பெயர் வந்துவிட்டால் பிறகு அவரைச் சோதிப்பதை நிறுத்திவிடுகிறோம். பாராட்டு என்று நாம் நினைப்பதில் பாதி இந்தச் சோம்பல்தான்.

அந்தப் பட்டறைக்கு மட்டுமே உரிய ஒரு வழக்கமும் இருந்தது. வெல்டர் முதல் பொறியை வைக்கும்போது மூக்கண்ணன் அந்த டேங்கரின் மேலே, மூடிக்குப் பக்கத்தில், காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருப்பார். முன்னொரு காலத்து வெல்டர் ஒருவர், "கையெழுத்துப் போடறது சுலபம். நீ மேல ஏறி உக்காரு, நான் பத்த வெக்கிறேன்" என்றாராம். இவரும் ஏறிவிட்டார். ஏறியவரால் பிறகு இறங்க முடியவில்லை. சான்றை யாரும் படிப்பதில்லை. மேலே ஆள் இருக்கிறாரா என்று அண்ணாந்து பார்ப்பார்கள். அதுவே போதும்.

வெடிபொருள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து சோதனைக்கு வந்த அதிகாரியம்மா இதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அவர் எதுக்கு மேல உக்காந்திருக்கார்?"

முதலாளி நெளிந்தார். "அது ஒரு நம்பிக்கைங்க மேடம்."

"முதல்ல இறங்கச் சொல்லுங்க." இறங்கியவரிடம் கேட்டார்: "நீங்க உக்காந்தா ஆவி பயந்து ஓடிடுமா?"

"இல்லீங்க. வெல்டருக்குப் பயம் போகும்."

"பயம் போகக் கூடாதுன்னுதான் இவ்வளவு சட்டமும் போட்டிருக்கு."

பிறகு அலமாரியில் தூசி படிந்து கிடந்த ஒரு சிறு சிலிண்டரை எடுத்து அவர் கையில் கொடுத்தார். சோதனை வாயு அடைத்தது. சீல் உடைக்கப்படவே இல்லை. "தினமும் கருவிய எடுத்ததும் முதல்ல இந்த வாயுவைக் காட்டணும். முள் ஏறணும். ஏறலைன்னா கருவி செத்துப்போச்சுன்னு அர்த்தம். ஜீரோவைப் பாத்ததும் சந்தோஷப்படாதீங்க. செத்த கருவியும் ஜீரோதான் காட்டும்."

"சரிங்க மேடம்" என்றார் மூக்கண்ணன். ஜீப் கிளம்பியதும் சிலிண்டர் அலமாரிக்குப் போயிற்று, இவர் டேங்கர் மேல் ஏறினார். கீழே வெல்டிங் முகமூடியைத் தூக்கிவிட்டபடி அவருடைய அக்கா மகன் சிரித்தான். "மாமா, உங்க மூக்கை அந்தம்மா அலமாரியில வெச்சுப் பூட்டச் சொல்லலையே, அதுவரைக்கும் சந்தோஷம்."

அந்தப் பையனை அந்த வேலைக்குக் கொண்டுவந்து சேர்த்ததே இவர்தான். பையன் என்பது பழக்கத்தில் வரும் வார்த்தை. அவனுக்குக் கல்யாணமாகி ஒரு பெண் குழந்தையும் இருந்தது. கை சுத்தம். அவன் போட்ட தையல் போன்ற வெல்டிங்கை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டியதில்லை. வாய்தான் கொஞ்சம் நீளம்.

அதே ஆண்டில் மூக்கண்ணனுக்கு ஒரு காய்ச்சல் வந்து போனது. உடம்பு தேறிவிட்டது. ஒரு காலையில் அடுப்புக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். துணி உலர்த்தப் போயிருந்த மனைவி ஓடி வந்தாள்.

"ஏங்க, தெருமுனை வரைக்கும் கருகல் வாடை அடிக்குது. பக்கத்துல உக்காந்துகிட்டு என்ன பண்றீங்க?"

பால் சுண்டி, பாத்திரத்தின் அடி கரியாகியிருந்தது. அவர் பாத்திரத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். அவள் முதலில் சிரித்தாள். பிறகு ஒரு வெங்காயத்தை நறுக்கி அவர் மூக்குக்கு அடியில் நீட்டினாள். கண்ணில் நீர் வந்தது. வாடை வரவில்லை. தலைக்கு வைக்கும் எண்ணெய், சோப்பு, கடைசியாக மாடிப்படிக்கு அடியிலிருந்த மண்ணெண்ணெய். அந்தப் பாட்டிலின் வாயில் அவர் மூக்கை வைத்துக்கொண்டு நின்ற நேரத்தில் அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"பட்டறையில சொல்லிடுங்க."

"சொன்னா ஒருத்தனும் வண்டியத் தொடமாட்டான். மீட்டர் இருக்கில்ல, அதுதான் கணக்கு. மூக்கெல்லாம் சும்மா ஒரு இதுக்கு."

"சும்மா ஒரு இதுக்குன்னா சொல்லிட வேண்டியதுதானே?"

அவர் மண்ணெண்ணெய் பாட்டிலை மூடிப் படிக்கு அடியில் வைத்தார்.

"உங்க அக்கா ஒத்தப் புள்ளைய உங்க கையில குடுத்திருக்காங்க. ஞாபகம் இருக்கட்டும்."

ஞாபகம் இருந்தது. அதனால்தான் அவர் முன்பு செய்யாத ஒன்றைச் செய்ய ஆரம்பித்தார்: கருவியை உண்மையிலேயே நம்பினார். முன்பெல்லாம் அதைக் கடமைக்குத் தொங்கவிட்டவர், இப்போது தொட்டியின் ஒவ்வொரு அறைக்குள்ளும் கருவியின் குழாயை மேலே, நடுவே, அடியில் என்று இறக்கி, முள் நிற்கும்வரை காத்திருந்தார். சாயங்காலமானால் அதைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். லாரிக்காரர்கள் வண்டியின் முன்பலகைக்கு அடிக்கும் பளபளப்பு ஸ்பிரே ஒன்றை அக்கா மகனான அந்த மருமகன் வாங்கி வைத்திருந்தான். அதை எடுத்துக் கருவியின் மேலும், உறிஞ்சு குழாயின் வாயிலும் அடித்து, மிருதுவான துணியால் துடைப்பார். கருவி புதிதுபோல் மின்னியது. மூக்கு போன மனிதன் தன் புது மூக்குக்குச் செய்த பணிவிடை என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.

ஆனால் மற்றவர்களுக்காகப் பழைய நாடகமும் தொடர்ந்தது. கருவியைப் பார்த்து முடித்தபின் மூடியின் விளிம்பில் குனிந்து, கண்ணை மூடி, ஒரு மூச்சு இழுப்பார். தலையை ஆட்டுவார். கீழே நிற்கிறவர்களின் தோள் தளரும்.

அந்த வண்டி வந்த நாள் வெயில் கடுமையாக இருந்தது. நான்கு அறைகள் கொண்ட டேங்கர். இரண்டாவது அறையின் அடியில், வண்டியின் இரும்புச் சட்டத்தோடு சேரும் இடத்தில், மயிரிழை விரிசல். சாயங்காலத்துக்குள் கிடங்குக்குப் போய் வரிசையில் நின்றாக வேண்டும் என்று அதன் டிரைவர் ஒற்றைக்காலில் நின்றார்.

"வெல்டிங் ஒரு சாண்தானே? அதுக்கு எதுக்கு இத்தனை நேரம் ஆவி? இட்லியா அவிக்கிறீங்க?"

"உங்களை வெச்சு அவிச்சா சீக்கிரம் வெந்துடும்ணே, வாய் அவ்வளவு சூடா இருக்கு" என்றான் மருமகன். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தாலும் முதலாளி போதும் என்று கையைக் காட்டினார். கொதிகலன்காரர் நீராவியை வழக்கத்துக்கு முன்பே நிறுத்தினார்.

மூக்கண்ணன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். முன்பு என்றால் சண்டை பிடித்திருப்பார். இப்போது கருவி சொல்லட்டும் என்று விட்டுவிட்டார். ஏணியில் ஏறி நான்கு அறைகளிலும் குழாயை இறக்கினார். முள் அசையவில்லை. மேலே பூஜ்யம், நடுவில் பூஜ்யம், அடியில் பூஜ்யம். அரைகுறையாக அவித்த தொட்டியில் முள் கொஞ்சமாவது துடிக்கும். இது குளித்துவிட்டு வந்த குழந்தைபோல் இருந்தது. அவருக்குள் ஏதோ இடறியது. ஆனால் அது வாடை இல்லை, வெறும் எண்ணம். எண்ணத்தை நம்பி வேலையை நிறுத்தி அவருக்குப் பழக்கமில்லை. சான்றில் கையெழுத்துப் போட்டார். கம்பியில் கோத்து வண்டியில் தொங்கவிட்டார். குனிந்தார், கண்ணை மூடினார், மூச்சு இழுத்தார், தலையாட்டினார். ஏறி உட்கார்ந்தார்.

கீழே மருமகன் பூமிக் கம்பியின் கவ்வியைச் சட்டத்தில் மாட்டினான். வெல்டிங் ராடை எடுத்துக் கைப்பிடியில் செருகினான். விரிசலுக்கு நேராகப் படுத்து, முதுகை அட்டைமேல் நகர்த்தி உள்ளே போனான். அவனுடைய செருப்பு மட்டும் வெளியே தெரிந்தது. முதலாளி, டிரைவர், கொதிகலன்காரர் மூவரும், பொறி வைக்கும்போது யாரும் தாண்டக் கூடாது என்று தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு உள்ளேயே நின்று மேலே பார்த்தார்கள். மேலே ஆள் இருந்தார். யாருக்கும் கவலையில்லை.

"மாமா."

அடியிலிருந்து குரல் வந்தது.

"என்னடா?"

"இங்க லேசா வாடை அடிக்குது."

டிரைவர் உச்சுக் கொட்டினார். "பெட்ரோல் வண்டியில பன்னீரா மணக்கும்?"

"இல்ல, லேசாத்தான். எனக்குப் பிரமையோ என்னமோ." பிறகு மருமகன் சொன்னான், வழக்கமான கேலிக் குரலில், ஆனால் மனப்பூர்வமாக: "உங்களுக்கு அடிக்கலைன்னா அது வாடையே இல்ல மாமா. சொல்லுங்க. வெக்கட்டுமா?"

மூக்கண்ணன் தன்னை அறியாமல் மூச்சை இழுத்தார். வெயிலில் காய்ந்த இரும்பின் சூடு தொடைக்குக் கீழே சுட்டது. காற்று உள்ளே போய் வெளியே வந்தது. தண்ணீர்போல் வெறுமையாக இருந்தது.

ஒரு மனிதனுக்கு வாடை தெரிகிறது. அவன் தன் மூக்கை நம்பாமல், வாடையே தெரியாத இன்னொருவன் மூக்கை நம்புகிறான். நடுவில் ஒரு ராடு. அதன் நுனிக்கும் இரும்புக்கும் இடையே ஒரு விரல் இடைவெளி. "வை" என்று சொன்னால் என்ன ஆகும் என்பது மூக்கண்ணனுக்குத் தெரியாது. ஒன்றும் ஆகாமலும் போகலாம்.

"மாமா, வெக்கட்டுமா? முதுகு சுடுது."

"வெக்காதே!"

அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "ராடைக் கழட்டு. கவ்வியத் தொடாதே, பொறி பறக்கும். மெயின் சுவிட்சை அணைங்க யாராவது! நீ அப்படியே வெளிய வா."

சுவிட்ச் அணைந்த சத்தம் கேட்டது. செருப்பு நகர்ந்தது, கால் வந்தது, முழு ஆளும் வந்தான். அவன் எழுந்து நின்ற பிறகே மூக்கண்ணன் ஏணியில் கால் வைத்தார்.

"என்னண்ணே, வாடை வந்துச்சா?" என்றார் முதலாளி.

"வரல. எனக்கு வாடையே தெரியாது. காய்ச்சல் வந்ததுலருந்து ஒண்ணும் தெரியாது."

டிரைவர்தான் முதலில் சிரித்தார். "மூக்கண்ணனுக்கு மூக்கு இல்லையா? நல்லா இருக்கே கதை!"

முதலாளி சிரிக்கவில்லை; அவர் மூளை வேறு பக்கம் ஓடியது. "சரி, போகட்டும். அந்தம்மாவும் மீட்டரைப் பத்தித்தானே பேசிட்டுப் போனாங்க, சட்டத்துக்கு மூக்கு வேண்டாம், மீட்டர் போதும். மீட்டர் என்ன காட்டுச்சு?"

"ஜீரோ."

"கையெழுத்துப் போட்டாச்சு?"

"போட்டாச்சு."

"அப்புறம் என்ன? சட்டப்படி எல்லாம் சரி. அவன் வெக்கட்டும்."

வாழ்நாள் முழுக்கச் சட்டத்தை ஒரு தொல்லையாகப் பார்த்தவர் முதலாளி. அன்றுதான் முதல்முறையாக அதன் நிழலில் ஒதுங்கினார். அந்த வாதத்தில் வெளிப்படையான ஓட்டை எதுவும் இல்லை. மூக்கண்ணன் கையிலிருந்த கருவியைப் பார்த்தார். அது மின்னியது. செத்த கருவியும் ஜீரோதான் காட்டும்.

அலமாரியைத் திறந்தார். சிலிண்டரின் தூசியை ஊதினார். சீல் அவர் விரலுக்கு அசையவில்லை. கொதிகலன்காரர் வாங்கி உடைத்துக் கொடுத்தார். உறிஞ்சு குழாயை அதன் வாயில் பொருத்தித் திறந்தார். சீறும் சத்தம் கேட்டது. எல்லாத் தலைகளும் முள்ளின்மேல் குனிந்தன.

முள் பூஜ்யத்திலேயே நின்றது.

"சிலிண்டர் காலியோ?" என்றார் முதலாளி, ஆனால் சீறல் எல்லார் காதிலும் விழுந்துகொண்டிருந்தது. மூக்கண்ணன் சிலிண்டரை மூடினார். வண்டிக்குப் போய்ச் சான்றைக் கம்பியிலிருந்து பிய்த்தார். கிழித்தார்.

"யோவ், சாயங்காலம் லோடு!" என்றார் டிரைவர்.

"மஞ்சள் கோட்டுக்கு அந்தாண்ட போங்க. எல்லாரும்."

சாலைக்கு அப்பால் இருந்த இன்னொரு பட்டறையிலிருந்து ஒரு கருவியை இரவல் வாங்கி வந்தார்கள். இம்முறை மூக்கண்ணன் முதலில் சிலிண்டரைக் காட்டினார், முள் துள்ளியது. பிறகு இரண்டாவது அறையின் அடிக்குக் குழாயை இறக்கினார். முள் ஏறியது. பாதுகாப்பு எல்லையைத் தாண்டி, சிவப்புக்குள் போய் நின்றது. டிரைவர் தொப்பியைக் கழற்றினார். பிறகு அவர் லோடைப் பற்றி வாய் திறக்கவில்லை.

மருமகன் சுவரோரம் குந்தியிருந்தான். முகமூடி மடியில் கிடந்தது.

"காய்ச்சல்ல இருந்துன்னு சொன்னீங்க."

"ஆமாடா."

"அதுக்கப்புறம் நான் கை வெச்ச வண்டி எல்லாம்?"

"மீட்டர் பாத்தேன். ஒவ்வொண்ணுக்கும் பாத்தேன்."

"செத்த மீட்டரை."

"எப்ப செத்துச்சுன்னு தெரியாதுடா."

"அதுதான் மாமா கேக்கறேன்." அவன் எழுந்தான். "குனிஞ்சு மோந்து பாத்துத் தலையாட்டினீங்களே. அது எதுக்கு? மீட்டர்தான் கணக்குன்னா அது யாருக்கு?"

பதிலுக்குக் காத்திராமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அதிகாரியம்மாவை அழைத்தது மூக்கண்ணன்தான். முதலாளி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நேர்மையால் அழைத்தார் என்று சொன்னால் அது கொஞ்சம் அதிகம். தனக்குப் புரியாத ஒன்று நடந்திருக்கிறது, புரிந்த ஆள் யாராவது வந்து சொல்லட்டும் என்ற தவிப்புதான் பெரும்பகுதி. மறுநாள் காலையில் அதிகாரியம்மா வந்தார். மூக்கண்ணன் உரிமத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"எனக்கு மோப்பம் போயிடுச்சுங்க. மறைச்சிட்டேன். எடுத்துக்கங்க."

அவர் உரிமத்தைத் தொடவில்லை. "சட்டத்துல மூக்குன்னு ஒரு வார்த்தையே இல்லைங்க. உங்களுக்கு வாடை தெரியுதா இல்லையான்னு நாங்க எப்பவாவது கேட்டோமா?"

மூக்கண்ணன் விழித்தார். இத்தனை வாரம் அவர் தூக்கத்தைத் தின்ற குற்றம், குற்றமே இல்லை என்று ஆகிவிட்டது. அது ஆறுதலாகவும் இல்லை.

அதிகாரியம்மா கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் தேய்த்தார், வழுக்கியது. "இதை எதால துடைக்கிறீங்க?"

மூக்கண்ணன் பெட்டியிலிருந்து ஸ்பிரேயை எடுத்துக் காட்டினார், கொஞ்சம் பெருமையோடுதான். அதிகாரியம்மா டப்பாவில் எழுதியிருந்ததைப் படித்தார். ஒரு பெருமூச்சு விட்டார்.

"இதுல சிலிக்கோன் இருக்கு. உள்ள இருக்கிற சென்சாருக்கு இது விஷம். கொஞ்சம் கொஞ்சமா மூடிடும். அப்புறம் எதைக் காட்டினாலும் அதுக்குத் தெரியாது. எவ்வளவு நாளா அடிக்கிறீங்க?"

"தினமும்" என்றார் மூக்கண்ணன். நாற்காலி தேடி உட்கார்ந்தார்.

"சோதனை வாயு காட்டாம கையெழுத்துப் போட்டீங்க. நடவடிக்கை அதுக்கு. மூக்குக்கு இல்ல. துடைச்சதுக்கும் இல்ல." உரிமத்தை மூன்று மாதம் நிறுத்தி வைத்தார். மறுபடி பயிற்சி, மறுபடி தேர்வு. நீராவியைக் குறைத்ததற்காகப் வெல்டிங் போன்ற நெருப்பு வேலைக்கான பட்டறையின் அனுமதியும் நின்றது. முதலாளி அன்று முழுவதும் மூக்கண்ணன் இருந்த பக்கம் திரும்பவில்லை.

அந்த மாதங்களில் அவர் பழையபடி தொட்டி கழுவினார். வீட்டில் அடுப்புப் பக்கம் போனால் மனைவி, "நகருங்க, நான் பாத்துக்கறேன்" என்பாள். அக்காவிடம் மருமகன் என்ன சொன்னான் என்று தெரியாது. அவள் வந்தாள், தண்ணீர் வாங்கிக் குடித்தாள், தம்பியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அவன் இன்னொரு பட்டறைக்குப் போறேங்கிறான். நான் போக வேண்டாம்னேன்" என்றாள். அவ்வளவுதான். ஏன் வேண்டாம் என்றாள் என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

உரிமமும் பட்டறையின் அனுமதியும் திரும்பிய பிறகு வந்த முதல் வண்டி சின்ன டேங்கர். பேரைக் கேட்டு வந்த அதன் டிரைவருக்கு நடந்தது எதுவும் தெரியாது. "மூக்கண்ணன் மேல உக்காருவாருன்னு சொன்னாங்களே?" என்றார்.

"இப்ப உக்கார்றதில்லைங்க" என்றான் மருமகன். அந்த நாளுக்குப் பிறகு பட்டறையில் மாமாவைப் பற்றி அவன் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது.

மூக்கண்ணன் புதுக் கருவியைச் சிலிண்டரில் காட்டினார். மருமகன் பக்கத்தில் வந்து நின்று, முள் ஏறுவதைத் தன் கண்ணால் பார்த்தான். பிறகு கருவியைத் தானே வாங்கி, ஏணியில் ஏறி, எல்லா அறைகளிலும் இறக்கிப் பார்த்தான். இறங்கி வந்து விரிசல் ஓரம் குனிந்து, தன் மூக்கால் ஒரு மூச்சு இழுத்தான். சொந்த மூக்கு. பிறகே சான்றைக் கையெழுத்துக்கு நீட்டினான்.

"மாமா, கோட்டுக்கு அந்தாண்ட போய் நில்லுங்க."

அவர் போய் நின்றார். அவன் படுத்து, நகர்ந்து, வண்டிக்கு அடியில் போனான். மறுபடி செருப்பு மட்டும் தெரிந்தது. இத்தனை வருஷமாக மேலே உட்கார்ந்திருந்தபோது அவர் இதைப் பார்த்ததே இல்லை. மேலிருந்து அந்தச் செருப்பு தெரியாது. ஒரு குதிகால் தேய்ந்து சாய்ந்திருந்தது. மேலே உட்கார்ந்திருந்த காலம் முழுக்க அவருக்குப் பயம் என்பதே வந்ததில்லை. இப்போது, பாதுகாப்பான இடத்தில் நின்றபோது, வந்தது.

"வெக்கட்டுமா?" என்று அடியிலிருந்து குரல் வந்தது. யாரைக் கேட்டான் என்று தெரியவில்லை.

அவர் இன்னொரு முறை ஏறிப் பார்க்கலாமா என்று நினைத்தார். பெட்டியில் கருவி இருந்தது. "இரு" என்றார். ஏணியை நோக்கி நடந்தார்.

அடியிலிருந்து முனகல் ஒன்று வந்தது. "போங்க, போய்ப் பாத்துட்டே வாங்க. நான் ஒண்ணும் எங்கயும் ஓடலை."

அவர் சிலிண்டரையும் கையில் எடுத்துக்கொண்டு ஏறினார்.